சீயக்காய் டப்பாவின் மூலைகள்

அந்தத் தாளை நான் மேஜை மேல் விரித்ததும் ரெனாட்டா மேடம் கையிலிருந்த பிரஷ்ஷை வீசி எறிந்தார். ஜன்னல் பக்கம் போக வேண்டியது. இடது கையால் எறிந்ததால் குறி தப்பி என் புடவையில் வந்து விழுந்தது. முழங்காலுக்கு மேல் ஒரு பச்சைத் தீற்றல். எத்தனை முறை துவைத்தும் போகவில்லை.

“மறுபடியும் மூலையா? அப்பன் கேட்டான், போட்டுக் குடுத்தேன். இப்ப புள்ளையும் அதையே கேக்குறானா? முடியாதுன்னு போய்ச் சொல்லு!”

தாளில் அவர் வரைந்த படம் அப்படியேதான் இருந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுக் கூந்தலை விரித்துவிட்ட ஒரு பெண்ணின் முதுகுப்புறம். அதற்கு மேலே சீயக்காய் என்று பெரிய எழுத்து. புதிதாக வந்திருந்தது ஒன்றே ஒன்று. தாளின் நான்கு மூலைகளிலும் விரலால் தொட்டு வைத்த மஞ்சள் நிறம்.

வாசலில் என் வீட்டுக்காரர் குமார் நின்றிருந்தார். மயிலாப்பூரில் இருந்த சீயக்காய்க் கம்பெனியிலிருந்து அந்தத் தாளை ஆட்டோவில் கொண்டுவந்தவர் அவர்தான்.

“அம்மா, அந்த சாரு ஓகேன்னுதான் சொன்னாரு. முடிச்சு எட்த்தாரச் சொன்னாரு. மூலையப் பத்தி ஒரு வார்த்த பேசல.”

“ஓகேன்னா இது எதுக்கு நைனா? பாரு, நாலு பக்கமும் மார்க் பண்ணிக்கீறான்!”

அது என்ன என்று எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. மேடத்துக்குத் தெரியவில்லை. எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. நான் எப்போதுமே அப்படித்தான். நாலு பேர் இருக்கும் இடத்தில் என் பெயரைக் கேட்டாலே பக்கத்தில் இருப்பவர் சொல்லட்டும் என்று பார்ப்பேன். ஆனால் அன்று வாய் வராததற்குக் கூச்சம் மட்டும் காரணமில்லை. அதைச் சொல்வதற்கு அந்த டப்பாவின் கதையைச் சொல்ல வேண்டும்.

பச்சை டப்பா

கம்பெனியின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எழுதவும் தேவையில்லை. பச்சை அட்டை டப்பா, நான்கு மூலையிலும் மஞ்சள் முக்கோணம் என்றால் இந்த ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். சைதாப்பேட்டையில் ஆற்றங்கரையை ஒட்டிய எங்கள் பழைய வீட்டில் காலி டப்பாவில் அம்மா ஹேர்பின், ரிப்பன் எல்லாம் போட்டு வைத்திருப்பாள். வெள்ளம் வந்து ஒரு முறை எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனபோது, தண்ணீர் வடிந்ததும் சேற்றில் முதலில் கண்ணில் பட்டது அந்த மூலைதான்.

கடையில் யாரும் கம்பெனி பெயரைச் சொல்லிக் கேட்க மாட்டார்கள். “மஞ்ச மூலை ஒண்ணு குடுங்க” என்பார்கள். அவ்வளவுதான்.

அந்த டப்பாவை வரைந்தது ஒரு ஜெர்மன்காரப் பெண் என்று நான் தெரிந்துகொண்டது, மயிலாப்பூரில் டி.டி.பி. கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு. பத்தாவது முடித்து, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்து, பிறகு கம்ப்யூட்டர் பழகியவள் நான். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோவில் நோட்டீஸ் என்று அடித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் உயரமாக, நரைத்த முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டு, காட்டன் புடவையில் ஒரு வெள்ளைக்கார அம்மா வந்து நின்றார். கையில் சுருட்டிய தாள். எனக்கு இங்கிலீஷ் வராதே என்று அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“இன்னா, உக்காந்தே பாத்துக்கினு கீற? ஸ்கேனரு வேல செய்யுதா இல்லியா?”

கடையில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ராயப்பேட்டை அச்சகங்களில் மெஷின்மேன்களிடம் கற்ற தமிழ் அது. அவர் வேறு தமிழ் பேசி நான் கேட்டதில்லை. யாரையும் ‘நீங்க’ என்று சொன்னதும் இல்லை.

அன்றிலிருந்து அவர் கையால் வரைந்து கொண்டுவருவதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கலர் பிரித்து, பிரஸ்ஸுக்கு அனுப்பும் வேலை என்னுடையது. பல வருஷம்.

போர்டு எழுதியவரின் மகள்

ஸ்கேனர் மெதுவாக ஓடும் நேரத்தில் அவர் சொன்ன துண்டு துண்டான கதைகள்தான் எனக்குத் தெரியும். முன்பின்னாக இருக்கலாம்.

அவர் பிறந்தது யுத்தம் முடிந்த சமயம். ஊரில் பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை. அப்பா கடைகளுக்கு போர்டு எழுதுபவர். கடையில் விற்க ரொட்டி இல்லாத காலத்தில்கூட ரொட்டிக் கடைக்காரர் வந்து போர்டு எழுதச் சொன்னாராம். “ரொட்டி வரும், அதுக்குள்ள போர்டு தயாரா இருக்கணும்னான்” என்பார் மேடம். அந்த ரொட்டிக் கடைக்காரரைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரல் மரியாதையாக மாறும்.

வளர்ந்து, விளம்பரப் படம் வரையும் தொழிற்பள்ளியில் படித்தார். ஸ்கேல் இல்லாமல் பிரஷ்ஷால் நேர்கோடு போடுவதுதான் அங்கே முதல் பரீட்சை. பிறகு ஹாம்பர்கில் ஒரு விளம்பர ஆபீஸ். சோப்பு அட்டை, பிஸ்கட் டின், மார்ஜரின் டப்பா. மார்ஜரின் என்றால் என்ன என்று கேட்டேன். “வெண்ண மாதிரி இருக்கும், வெண்ண இல்ல. அத வெண்ணன்னு நம்ப வெக்கிறதுதான் என் வேல” என்றார்.

அங்கே ஒரு டப்பாவுக்குப் பத்துப் பேர் சேர்ந்து வேலை செய்வார்களாம். ஒருவர் எழுத்து, ஒருவர் படம், ஒருவர் கலர். அவருக்கு வந்தது ஓரத்தில் போடும் பூ மட்டும். வருஷக்கணக்கில் பூ.

கணவர் இன்ஜினியர். மெட்ராஸில் ஒரு மெஷின் தொழிற்சாலைக்குக் கொஞ்ச காலத்துக்கு என்று வந்தார், இவரும் கூட வந்தார். வந்த புதிதில் தி.நகரில் ஒரு மாடி வீடு. மாலையில் பாண்டி பஜாரில் நடந்து கடை போர்டுகளைப் பார்ப்பாராம். தமிழ் எழுத்து ஒன்றும் படிக்கத் தெரியாது. வீட்டுக்கு வந்து பார்த்ததை நியூஸ்பேப்பர் மேல் பிரஷ்ஷால் போட்டுப் பார்ப்பார். படிக்கத் தெரிவதற்கு முன்னாலேயே எழுத வந்துவிட்டது. ‘ஞ’ வரும் கம்பெனிக்கு வேலை கிடைத்தால் அன்று முழுக்க உற்சாகமாக இருப்பார். அப்படி ஒரு கம்பெனி அதிகம் கிடைக்காது என்பது அவருடைய நிரந்தரமான குறை.

கணவரின் வேலை முடிந்தது. அவர் கிளம்பினார். இவர் கிளம்பவில்லை.

“சண்டையா மேடம்?”

“சண்ட இல்ல. அங்க போனா பூ. இங்க முழு டப்பா.”

கணவர் இறந்துபோன செய்தி வந்த அன்று மேடம் கடைக்கு வந்து வேலையை முடித்துக்கொண்டு, போகும்போதுதான் சொன்னார்.

அவருடைய முதல் முழு டப்பாதான் அந்தச் சீயக்காய். அவர் வரைந்து அனுப்பியது வெறும் பச்சை. அதில் கூந்தல், எழுத்து. வேறு ஒன்றும் இல்லை. கம்பெனியின் பெரியவர் அந்த ப்ரூஃப் தாளை ஓர் ஆள் மூலம் திருப்பி அனுப்பினார். ஒரு வார்த்தை எழுதவில்லை. நான்கு மூலையிலும் மட்டும் மஞ்சள் நிறம் வைத்திருந்தது.

ஹாம்பர்கில் வாடிக்கையாளர் தாளில் எங்கே கை வைத்தாரோ அங்கே திருத்த வேண்டும். அதுதான் சட்டம். வீட்டில் போன் இல்லை, மொழி தெரியாது. மேடம் இரண்டு நாள் பொருமிவிட்டு, மூலைக்கு ஒன்றாக அளவெடுத்து முக்கோணம் வரைந்து கொடுத்தார். பெரியவர் பார்த்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினாராம். “அவன் கேட்டது கெடச்சுது, கும்புட்டான்” என்பார்.

டப்பா ஓடியது. அப்படி ஓடியது. அதைப் பார்த்துத்தான் அடுத்தடுத்து கம்பெனிகள் அவரைத் தேடி வந்தன. காபித் தூள், ஊதுவத்தி, கூந்தல் தைலம், காலண்டர். பேரும் வாழ்க்கையும் வந்தது அந்த மூலையால். அவருக்கோ அதைக் கண்டாலே ஆகாது. “நான் போட்ட பச்ச அவனுக்குப் போதல. அதான் மூலை கேட்டான்” என்று எத்தனையோ தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

வலது கை

இந்த வருஷம் கோடையின் தொடக்கத்தில் அடையாறு வீட்டில் காலையில் எழுந்தபோது அவருடைய வலது கை எழவில்லை. மருத்துவமனையில் இருந்து வந்த பிறகு கால் சரியாகிவிட்டது. பேச்சும் தேறிவிட்டது. கை மட்டும் மடியில் கிடந்தது, யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி.

அதே சமயத்தில்தான் சேஷாத்ரி சார் போன் செய்தார். பெரியவரின் மகன். இப்போது கம்பெனி அவர் கையில். டப்பாவைப் புதிதாக மாற்றப்போகிறார்களாம். நுங்கம்பாக்கத்தில் ஒரு விளம்பர ஏஜென்சி ஏற்கனவே ஒன்று செய்து கொடுத்துவிட்டது. ஆனாலும் அப்பா காலத்து மனுஷி, நீங்களும் ஒன்று கொடுங்கள், இரண்டையும் பார்த்து முடிவு செய்வோம் என்றார். தீபாவளிக்குப் புது டப்பா கடையில் இருக்க வேண்டும். சீயக்காய்க்கு அதுதான் பெரிய வியாபாரம்.

மேடம் போனிலேயே சரி என்று சொல்லிவிட்டார். கையைப் பற்றி மூச்சுவிடவில்லை.

“ஏன் மேடம் சொல்லலை?”

“கை போன ஆர்ட்டிஸ்ட்டுக்கு எவன் வேல குடுப்பான்? நீ குடுப்பியா?”

நான் குடுப்பேன் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

கம்ப்யூட்டரில் நான் செய்து தருகிறேன், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள் என்று ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். “அப்ப அது உன் டப்பா. நல்லாத்தான் இருக்கும். என்னுது எங்க?” என்றார்.

கடைக்குப் போகும் முன் தினமும் காலையில் அடையாறில் இறங்கி அவர் வீட்டுக்குப் போவேன். தாளை நகராமல் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும். அது என் கை. அவர் இடது கையால் கோடு போடுவார். முதலில் படம் இல்லை, எழுத்து இல்லை. வெறும் கோடு. நியூஸ்பேப்பரில் மேலிருந்து கீழே. ஹால் முழுக்கத் தரையில் கோடு போட்ட பேப்பர் காயும். வெயில் ஏற ஏற மையின் வாடையும் வாசலில் இருந்த பன்னீர்ப் பூவின் வாடையும் கலந்து வரும்.

கோடு நெளியும். அவர் ஜெர்மனில் எதையோ சொல்வார். அடுத்த பேப்பர். பிரஷ் நழுவும். எடுத்துக் கொடுப்பேன். அடுத்த பேப்பர்.

“ஸ்கூல்ல சேர்ந்துக்கினு கீறேன் மல்லிகா” என்றார் ஒருநாள். சிரிக்காமல்தான் சொன்னார்.

சீயக்காயின் ‘சீ’க்கு மேலே ஒரு சுழி வரும், பாருங்கள். அந்தச் சுழி அவருக்குப் பிடிபடவே இல்லை. சுழி சரியாக வந்த அன்று எழுந்து சமையலறைக்குப் போய் ஒரு கையாலேயே எனக்குக் காபி போட்டுக் கொண்டுவந்தார். பால் பாதி தரையில் இருந்தது. குடித்தேன்.

அப்படி வந்த முதல் முழுப் படம்தான் குமார் மயிலாப்பூருக்குக் கொண்டுபோன தாள். மூலை இல்லாத தாள். மூலையோடு திரும்பி வந்த தாள்.

விரல் நுனி

இப்போது தெரிகிறதா, நான் ஏன் வாய் திறக்கவில்லை என்று? சொன்னால் அவர் பெயரெடுத்த டப்பாவே ஒரு தவறு என்று ஆகிவிடும். அதுவும் கை விழுந்து கிடக்கிற நேரத்தில்.

ஆனால் அவர் போனை எடுத்துவிட்டார். சேஷாத்ரி சாரைக் கூப்பிட்டு, வேலை வேண்டாம் என்று சொல்லப்போகிறார். அத்தனை மாதத்துக் கோடும் வீண்.

நான் தாளின் மூலையில் விரலை வைத்துத் தேய்த்தேன். நிறம் விரலோடு வந்தது. அதை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

“மேடம், இது பெயின்ட் இல்ல. சமையல்ல போடற மஞ்சப் பொடி. சாமி ரூம்ல வெச்சு எடுத்திருக்காங்க. போன தீபாவளிக்கு உங்களுக்குப் புடவை குடுத்தேனே, அதுல ஓரத்துல வெச்சிருந்தேன் இல்ல? அது மாதிரி. புதுசா ஒண்ணு வந்தா வைப்போம். நல்லா நடக்கணும்னு.”

அவர் என் விரலைப் பிடித்து முகர்ந்து பார்த்தார். போனைக் கீழே வைத்தார்.

“அப்ப... அந்த அப்பன் வெச்சது?”

“அவரும் சாமிக்குத்தான் வெச்சிருப்பாரு.”

இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்து எத்தனை புதுத்துணியில் அதைப் பார்த்திருப்பார்! தன்னுடைய தாளோடு அதைச் சேர்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை. பெரியவருக்கும் தோன்றவில்லை. வெள்ளைக்காரப் பெண்ணுக்கு எவ்வளவு பக்தி பார் என்றுதான் அவர் கைகூப்பியிருப்பார்.

வாசலில் நின்ற குமாருக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

“அப்போ இத்தினி வருசமா ஊரே பிரசாதத்தப் போட்டுத்தான் தல முழுவிக்கினு இருந்திச்சா?”

நான் அவரை முறைத்தேன். மேடம் சிரிக்கவில்லை. அழுவார் என்று பயந்தேன். அதுவும் இல்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாரும் மூலை கேக்கவே இல்ல” என்றார்.

“ஆமா மேடம்.”

“அப்ப நான் போட்ட பச்சய அவன் மொத நாளே ஓகே பண்ணிட்டான்.”

இப்படி ஒரு பக்கம் இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. நான் தவறை மட்டும்தான் பார்த்திருந்தேன்.

“அந்த பிரஷ்ஷ எட்து குடு” என்றார்.

சால்வை

முடிந்த படத்தை நான் கடையில் ஸ்கேன் செய்து, அட்டையில் பிரின்ட் எடுத்து, டப்பாவாகவே மடித்து ஒட்டினேன். மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்தில் மாடியில் இருந்தது கம்பெனி ஆபீஸ். மேடம் வலது கை மேல் ஒரு துணிப்பையைத் தொங்கவிட்டு மறைத்துக்கொண்டிருந்தார். ரகசியம் காபி வரும்வரைதான் தாங்கியது.

சேஷாத்ரி சார் டம்ளரை நீட்டினார். மேடம் இடது கையை நீட்டி வாங்கினார். சாரின் முகம் சுருங்கியது. பிறகு டப்பாவையும் இடது கையாலேயே எடுத்துக் கொடுத்தார். சார் வாங்கத் தயங்கினார்.

“ஆன்ட்டி... இந்தக் கையால...”

“இந்தக் கைதான் வரஞ்சுது. இன்னொண்ணு வேலைக்கு வர்றதில்ல.”

பையை எடுத்துவிட்டுக் காட்டினார். சார் எழுந்தே நின்றுவிட்டார்.

“அடடா, சொல்லவே இல்லையே! எங்காத்துல யாருக்குமே தெரியாதே. எதுக்கு ஆன்ட்டி இத்தனை சிரமப்பட்டுண்டு... நீங்க ரெஸ்ட் எடுங்கோ. டப்பாவ அந்த ஏஜென்சிக்காராளே பாத்துப்பா. தீபாவளிக்கு ஆபீஸ்ல சின்னதா ஒரு ஃபங்ஷன் வெச்சுண்டு உங்களுக்குச் சால்வை போர்த்தறோம். அப்பா இருந்தா அதத்தான் செஞ்சிருப்பா.”

“சால்வ வேணாம். சென்னைல எதுக்குச் சால்வ? வேல குடு.”

சார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பிறகு டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் பிடித்திருந்தது, முகத்திலேயே தெரிந்தது. ஆனால் ஒன்று இடித்தது.

“மூலை எங்க? நீங்க அனுப்பிச்ச ரஃப்ல இல்ல. சரி, ஃபைனல்ல வரும்னு நெனச்சுண்டேன்.”

மேடம் சொன்னார். ப்ரூஃப் தாள், அவருடைய அப்பா, சாமி அறை, மஞ்சள் பொடி, எல்லாம். சார் முதலில் நம்பவில்லை. பிறகு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். துடைத்துக்கொண்டார். துடைத்த பிறகு அவர் சொன்னதுதான் கஷ்டம்.

“தப்போ சரியோ, அதுதான் ஆன்ட்டி எங்க சொத்து. கடையில ‘மஞ்ச மூலை’ன்னுதான் கேக்கறா. ஏஜென்சிக்காராளே அத வெச்சுண்டுதான் பண்ணியிருக்கா. மூலை போட்டேள்னா உங்களோடதையே எடுத்துக்கறேன். இல்லேன்னா என்னால முடியாது.”

நான்கு முக்கோணம். கம்ப்யூட்டரில் எனக்கு ஒரு நிமிஷ வேலை. போட்டுவிடுங்கள் மேடம் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

“டப்பாவ யாராவது மேஜ மேல வெச்சுப் பாத்து வாங்குறாங்களா?” என்று கேட்டார் மேடம். “கீழ வா.”

எதிர்ப் பிளாட்பாரம்

ஆபீஸுக்கு எதிரே காதர் பாயின் மளிகைக் கடை. முகப்பில் சோப்பு, தைலம், பொடி எல்லாம் அடுக்கியிருக்கும். மேடம் பாயிடம் பேசி மூன்று டப்பாவை வைக்கச் சொன்னார். பழையது, ஏஜென்சி செய்தது, தன்னுடையது. எங்கே வேண்டுமானாலும் வை, எங்களிடம் காட்டாதே என்றார். பிறகு எங்களை எதிர்ப் பிளாட்பாரத்துக்கு அழைத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வேலைக்கும் அவர் இப்படித்தான் செய்வார் என்பது எனக்குத் தெரியும். வாடிக்கையாளரைக் கூட்டிக்கொண்டு வந்து நான் பார்த்தது அன்றுதான்.

நல்ல வெயில். நடுவில் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும்.

“உன் பழைய டப்பா எங்க கீது, சொல்லு.”

சார் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“அதோ அந்த... இல்ல, அது மஞ்சத் தூள். அந்தப் பக்கம்... அது தைலம் மாதிரி இருக்கு.”

நானும் தேடினேன். அப்போதுதான் எனக்கும் கண் திறந்தது. அந்த முகப்பில் மஞ்சள் மூலை இல்லாத பொட்டலத்தை விரல் விட்டு எண்ணலாம். மிளகாய்த் தூளுக்கு மூலை. ஊதுவத்திக்கு மூலை. கூந்தல் தைலத்துக்கு, பாத்திரம் விளக்கும் பொடிக்கு, குழந்தைகள் பவுடருக்கு. எங்கள் கடையிலேயே எத்தனை பேர் “அந்தச் சீயக்காய் மாதிரி மூலை போடுங்க” என்று கேட்டிருக்கிறார்கள்! நானே எத்தனை போட்டிருக்கிறேன்! எல்லாம் ஒன்றாக நிற்கும்போது எப்படி இருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

பாய் அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார்.

“இன்னா சார், உங்க டப்பாவ நீங்களே தேடிக்கினு கீறீங்க?”

பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாவும் சிரித்துவிட்டார். சாரின் காது சிவந்தது.

ஏஜென்சி டப்பா தெரிந்தது. வெள்ளைப் பளபளப்பு, ஒரு பெண்ணின் முகம், ஓரங்களில் அதே மஞ்சள் மூலை. “அது ஷாம்பூவா?” என்று நான் கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் வாய் திறந்திருக்கிறேன் என்பதே உறைத்தது.

மேடத்தின் டப்பாவை யாரும் தேட வேண்டியிருக்கவில்லை. அத்தனை மூலைகளுக்கும் நடுவில் ஒரு பச்சை. அதில் கறுப்பாகக் கூந்தல். பஸ் மறைத்துவிட்டு விலகும்போதெல்லாம் கண் நேராக அங்கேதான் போய் நின்றது.

சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மேடம் பக்கம் திரும்பினார்.

“அப்பாவுக்கு நீங்க மொதல்ல குடுத்தது இதுதானா?”

“இது மாதிரி. அப்போ நல்ல கை.”

“மூலை வேண்டாம்” என்றார் சார். “இதையே பிரஸ்ஸுக்கு அனுப்பிடலாம். நான் ஏஜென்சிக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன்.” சொல்லிக்கொண்டே போனை எடுத்துவிட்டார்.

அழுதுவிடுவேனோ என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரும்பினால் மேடம் பக்கத்தில் இல்லை. சாலையைக் கடந்துகொண்டிருந்தார். ஆட்டோக்காரர் ஒருவர் பிரேக் போட்டுத் திட்ட, இவரும் பதிலுக்குத் திட்டிக்கொண்டே போனார். கடை முகப்பில் தன் டப்பாவை இடது கையால் உருவி எடுத்து, வெளிச்சத்தில் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நாங்கள் ஓடிப் போய்ச் சேர்ந்தோம்.

“இங்க பாரு” என்றார் என்னிடம். கழுத்துக்குக் கீழே கூந்தல் இரண்டாகப் பிரியும் இடம். “முடி இங்க காஞ்சு போயிருக்கு. குளிச்சுட்டு வந்த முடி. தண்ணி சொட்டணும்.”

“எனக்கு ஒண்ணும் தெரியலையே ஆன்ட்டி. நன்னாதானே இருக்கு?”

“கோடு தப்பு. திரும்பப் போடணும்.”

“பிரஸ்காரா காத்துண்டிருக்கா. நான்தான் ஓகே சொல்லிட்டேனே!”

மேடம் டப்பாவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டார்.

“நீ சொல்லிட்ட. நான் இன்னும் சொல்லல.”